தீபாவளிப் படத்தின் கடைசி ரீல்

நான் எழுதும் பட விமர்சனங்களைப் பற்றி வாசகர்களுக்குத் தீராத புகார் ஒன்று உண்டு. முதல் பத்தியிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேனாம். ‘யார் சாகிறார்கள், யார் பிழைக்கிறார்கள் என்று இவரே போட்டு உடைத்துவிட்டால் நாங்கள் எதற்கு வாயாங் போக வேண்டும்?’ என்று ஈப்போவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் எழுதுவார்கள். இந்த ஊரில் நாடகம், கூத்து, பேசும் படம் எல்லாமே வாயாங்தான். ஆசிரியர் அந்தக் கடிதங்களை என் முன்னால் போட்டுவிட்டுச் சிரிப்பார். நான் மாற்றிக்கொண்டதில்லை, மாற்றிக்கொள்ளவும் மாட்டேன். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லித் தொலைக்கிறேன்.

வழக்கம்போல முடிவு முதலில். என் மனைவி அந்த வருடம் மார்கழியில் இறந்துபோனாள். க்ஷயம். இனி மேலே படிப்பதும் படிக்காததும் உங்கள் இஷ்டம்.

படங்கள் தமிழ் பேச ஆரம்பித்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. நான் ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு. பகலெல்லாம் சரக்கு வண்டிகளோடு மாரடித்துவிட்டு, மாலையில் ஒரு தமிழ் வார இதழுக்குப் படங்களைப் பற்றி எழுதுவேன். வருடம் முழுக்க எழுதினாலும் ஜனங்கள் காத்திருந்தது ஐப்பசி மாதக் கட்டுரைக்குத்தான். ‘தீபாவளிக்கு எந்தப் படம்?’ என்று தலைப்பு. தோட்டத்து ஜனங்களுக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் வாயாங். லோரி பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் பட்டணம் வருவார்கள். அன்றைக்குப் பார்த்தது குப்பைப் படமாகப் போய்விட்டால் அடுத்த தீபாவளி வரைக்கும் வயிற்றெரிச்சல்தான். அதனால் லயத்து வீட்டு வாசலில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, ‘சரி, இந்தப் படத்துக்கே போவோம்’ என்று முடிவு செய்வார்கள். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் என் கட்டுரையை வைத்துச் சண்டையே நடந்திருக்கிறது என்று கேள்வி. பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

படப்பெட்டிகள் கப்பலில் பினாங்குக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூர் வரும். பெட்டி இறங்கிய செய்தி கொட்டகை மேனேஜருக்குப் போகும் முன்பே எனக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் படத்தை ஒருமுறை ஓட்டிச் சரிபார்ப்பார். காலி நாற்காலிகளுக்கு நடுவே நானும் மூட்டைப்பூச்சிகளும் உட்கார்ந்து பார்ப்போம்.

அந்தப் படங்களின் லட்சணத்தைக் கேட்கவா வேண்டும்? இளவரசனுக்குத் தொந்தி. காட்டில் புலம்பும் ராணியின் பின்னால் ஆலமரம் காற்றில் மடிந்து மடிந்து ஆடும், சீலையில் வரைந்த மரமாயிற்றே. சாகப் போகிறவன் வரிசையாகப் பாட்டுப் பாடுவான். அவன் சாவதற்குள் நமக்கு உயிர் போய்விடும். இதில் தேறுவது எது, தேறாதது எது என்று சொல்வது என் வேலை.

இது போதாதென்று மேனேஜர் வேறு ஒரு வழக்கம் வைத்திருந்தார். தீபாவளி அன்றைக்கு மட்டும், சாவில் முடியும் படம் எதுவானாலும் கடைசி ரீலை ஓட்ட மாட்டார். கல்யாணமோ பாட்டோ வந்த இடத்தில் நிறுத்தி, ‘வணக்கம்’ என்று ஒரு கண்ணாடிச் சிலைடைப் போட்டுவிட்டு விளக்கைப் போட்டுவிடுவார்.

“நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரி எதுக்கு கிராணியாரே?” என்பார். “ஜனங்க புதுத்துணி கட்டிக்கிட்டு வந்திருக்காங்க. எழவு வீட்டுக்குப் போன மாதிரியா திரும்பிப் போகணும்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல நாளாவது மண்ணாவது! ஒரு காட்சி கூடுதலாக ஓட்டலாம் அல்லவா, அதுதான் விஷயம். படம் எடுத்தவன் ராப்பகலாகக் கண்விழித்து ஒரு முடிவை எடுத்திருக்கிறான். அதை வெட்ட இவர் யார்? வருடா வருடம் இதைத் திட்டி எழுதுவேன். வருடா வருடம் அவர் சிரித்துக்கொண்டே வெட்டுவார்.

என் மனைவிக்குப் படம் என்றால் உயிர். நல்லபடியாக இருந்த காலத்தில் சேர்ந்துதான் போவோம். சேர்ந்து என்றால் வாசல் வரைக்கும். உள்ளே போனதும் அவள் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம். நடுவில் நீளமாக ஒரு துணித் தடுப்பு. படம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் வாயைத் திறப்பாள் பாருங்கள். “அந்த ராஜாவுக்கு அழவே தெரியல. மூக்கை மட்டும் உறிஞ்சுறாரு.” “மாமியாரு நல்லா நடிச்சாங்க. அந்தம்மா நெசமாவே மாமியாரா இருக்கும்.” அடுத்த வாரம் இதெல்லாம் என் பேரில் அச்சாகும். “என் பேச்சைத் திருடித்தான் பெரிய ஆளாயிட்டீங்க” என்று கேலி செய்வாள். உண்மைதான்.

பிறகு இருமல் வந்தது. முதலில் மழை என்றோம். பிறகு தூசி என்றோம். ஒரு காலையில் முந்தானையில் ரத்தம் இருந்தது, அதற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வெள்ளைக்கார டாக்டர். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் இங்கிலீஷில் பேசினார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னது இது. இரண்டு பக்கத்து நுரையீரலும் போய்விட்டன. பாலும் முட்டையும் கொடு, படுக்க வை, குழந்தையைப் பக்கத்தில் விடாதே, கூட்டத்துக்குக் கூட்டிப் போகாதே. இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டாள்.

வெளியே வந்ததும், “என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“பாலும் முட்டையும் சாப்பிடணுமாம். படுத்தே இருக்கணுமாம். பிள்ளைய பக்கத்துல விடக் கூடாதாம். கூட்டத்துக்குப் போகக் கூடாதாம்” என்றேன். எல்லாம் அப்படியே. பிறகு, “இந்த மழைக்காலம் தாண்டிட்டா சரியாயிருமாம்” என்றேன்.

கடைசி வரியை மட்டும்தான் மாற்றினேன். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “அப்ப தைப்பூசத்துக்குள்ள எந்திரிச்சிருவேன்” என்றாள்.

எங்களுக்கு ஒரே பெண். ஆறு வயது. கிள்ளானிலிருந்த என் மனைவியின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், வந்து அழைத்துக்கொண்டு போனார். அழுத பிள்ளைக்கு என் மனைவிதான் தைரியம் சொன்னாள். “தைப்பூசத்துக்கு அம்மா வந்து தூக்கிக்கிட்டு வந்துருவேன். அதுவரைக்கும் பெரியம்மா வீட்ல சமத்தா இருக்கணும்.” இடையில் ஒருமுறை பார்க்கக் கூட்டி வரட்டுமா என்று நான் கேட்டபோதும் வேண்டாம் என்றுவிட்டாள். “பாத்தா தூக்கணும்னு தோணும். நல்லான பெறகு ஆசை தீரத் தூக்கிக்கிறேன். ஒரு மழைக்காலம்தானே.”

ஒரு மழைக்காலம்தானே! நான் பால் காய்ச்சப் போய்விட்டேன். மதினிக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். வாரா வாரம் கிள்ளான் ரயிலில் வந்து துணி துவைத்துப் போட்டுவிட்டு, கிளம்பும்போது என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிடுவார்.

“தம்பி, அவகிட்ட சொல்லிருங்க. பெத்தவ, பிள்ளைய ஒருதரமாவது பாக்க வேணாமா?”

“சொன்னா அன்னைக்கே படுத்துருவா மதினி.”

“இப்ப மட்டும் என்ன, ஓடியாடிக்கிட்டா இருக்கா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே கோபம் வரும்.

படுத்தே கிடப்பவளுக்கு என்னதான் செய்வது? பார்த்த படங்களையெல்லாம் வந்து சொன்னேன். அறை வாசலில் முக்காலியைப் போட்டுக்கொண்டு முதல் காட்சியிலிருந்து ஆரம்பிப்பேன். பாட்டு வந்தால் என் கழுதைக் குரலில் பாடியும் காட்டுவேன். “ஐயோ, நிறுத்துங்க, இருமல் வருது” என்று சிரிப்பாள். சிரித்து, பிறகு உண்மையாகவே இருமுவாள்.

அந்த வருடத்துப் படங்களுக்கு என்ன கேடோ, எதை எடுத்தாலும் கடைசியில் பெண்டாட்டி செத்தாள். புராணப் படமாக இருந்தால் நான் கை வைக்க முடியாது. அந்தக் கதைகள் என்னைவிட அவளுக்கு அத்துப்படி. ஆனால் குடும்பக் கதைகள் இருந்தனவே. கிணற்றில் விழுந்த ஒருத்தியைக் கயிறு போட்டுத் தூக்கினேன். பாம்பு கடித்த ஒருத்திக்கு வைத்தியரை வரவழைத்தேன். புருஷன் சந்தேகப்பட்டதால் விஷம் குடித்தவளின் கையிலிருந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். “பொழைச்சாளா?” என்று அவள் கேட்பாள். “பொழைச்சா, பொழைச்சா” என்பேன். டாக்டர் வார்த்தையை ஒருதரம் மாற்றிப் பழகிய வாய்க்கு மற்றது கஷ்டமாக இல்லை.

அந்தத் தீபாவளிக்கு வந்த படங்களில் ஒன்றே ஒன்றுதான் உருப்படி. தொந்தி இல்லை, சீலை மரம் இல்லை. புருஷன் பிழைப்புக்காக ரங்கூனுக்குப் போகிறான். பெண்டாட்டி ஊரில் தையல் தைத்து ஜீவனம் செய்கிறாள். தைத்துத் தைத்து அவளுக்கு இருமல் வந்துவிடுகிறது. அவன் திரும்பி வருகிறான், ஆற்றங்கரையில் இருவருமாக ஒரு பாட்டு. அடுத்த ரீலில் அவன் மடியிலேயே அவள் செத்துப்போகிறாள். அந்தக் கடைசிக் காட்சியில் பாட்டு இல்லை, வசனம்கூட அதிகம் இல்லை. அவன் அவளுடைய தையல் பெட்டியை மூடுகிறான், அவ்வளவுதான். தமிழில் அப்படி ஒரு காட்சியை அதுவரை நான் பார்த்ததில்லை. காலி கொட்டகையில் குலுங்கிக் குலுங்கி அழுதேன். படத்துக்காக மட்டும் அழவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கதை சொல்ல உட்கார்ந்தவன், இருமல் வந்த இடத்தில்தான் விழித்துக்கொண்டேன். அதற்குள் வாய் சொல்லிவிட்டது. அவள் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அவளுக்கும் இருமலா? பொழைச்சாளா?”

“பொழைச்சுட்டா.”

“எப்படி?”

எப்படி என்று இதற்கு முன் அவள் கேட்டதில்லை. புருஷன் ரங்கூனிலிருந்து பெரிய டாக்டரை அழைத்து வந்ததாகவும், அவள் எழுந்து ஆற்றங்கரையில் பாட்டுப் பாடியதாகவும், அத்துடன் வணக்கம் போட்டுவிட்டதாகவும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டுரையை மட்டும் நேர்மையாக எழுதினேன். அப்போதெல்லாம் முடிவைச் சொல்வது வாசகனுக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தவன் நான். அதனால், ‘கடைசிக் காட்சியில் கல்லும் கரையும்’ என்று மட்டும் எழுதினேன். அதோடு நின்றேனா? மேனேஜர் மேலிருந்த ஆத்திரத்தில், ‘இந்த வருடமும் தீபாவளியன்று கடைசி ரீலை விழுங்கப் பார்ப்பார்கள். கடைசி ரீல் இல்லாவிட்டால் இது படமே இல்லை. முழுப் படமும் ஓடும்வரை ஒருவரும் எழுந்திருக்காதீர்கள்’ என்றும் எழுதினேன்.

இதழ் வந்ததும் அவள்தான் முதலில் படித்தாள்.

“கல்லும் கரையும்னா?”

“சந்தோஷத்துலதான்” என்றேன்.

மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், “ஏங்க, தீபாவளிக்கு என்னை இந்தப் படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

“கூட்டத்துக்குப் போகக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரே.”

“கதவோரமா உக்காந்துக்கிறேன். வாயில துணி கட்டிக்கிறேன். புதுச்சேலை வேணாம், பலகாரம் வேணாம். அவ எப்படிப் பொழைச்சான்னு என் கண்ணால பாக்கணும். பாத்தா எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.”

என்ன சொல்வீர்கள் நீங்கள்? நான் வேறு படங்களைப் புகழ்ந்து பார்த்தேன். “அதையெல்லாம் குப்பைன்னு எழுதியிருக்கீங்களே” என்றாள். மழை என்றேன், குடை இருக்கிறது என்றாள். சாகப் போகிறவள் கேட்ட ஒரே ஆசை. முடியாது என்று சொல்ல என்னால் ஆகவில்லை. ஒரு யோசனை மட்டும் இருந்தது. தீபாவளியன்று மேனேஜர்தான் கடைசி ரீலை வெட்டுவாரே! இத்தனை வருடம் எதைத் திட்டினேனோ அதையே நம்பி, “சரி, போவோம்” என்றேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. முந்தின நாள் கொட்டகைக்குப் போனேன். என்னைக் கண்டதும் மேனேஜர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

“ஜெயிச்சுட்டீங்க கிராணியாரே! இந்தத் தடவ முழுப் படம்.”

“நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரி எதுக்கு?” என்றேன். அவருடைய வசனத்தை நான் பேசினேன்.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “வெளையாடாதீங்க லா! போற வர்றவன் எல்லாம் உங்க பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு, கடைசி ரீல் உண்டான்னுதான் கேக்குறான். வெட்டுனா நாற்காலிய ஒடைச்சுப்புடுவானுங்க.”

“ஒரு காட்சிக்கு மட்டும். மத்தியானக் காட்சிக்கு.”

“போங்க ஐயா. எழுதுறது ஒண்ணு, பேசுறது ஒண்ணா?”

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் என் பெண்டாட்டி சாகப் போகிறாள் என்று அதுவரை வெளியாள் யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வரவில்லை. திரும்பிவிட்டேன்.

தீபாவளியன்று மதினி பிள்ளையைத் தன் வீட்டாரிடம் விட்டுவிட்டுக் காலை ரயிலில் வந்தார். அவளுக்கு எண்ணெய்க் குளியல் கிடையாது. உச்சியில் ஒரு சொட்டு எண்ணெயைத் தொட்டு வைத்து, வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டார். கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டினாள், அது இடுப்பில் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் போனது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, “கம்புக்குத் துணி சுத்துன மாதிரி இருக்கு” என்று அவளே சொன்னாள். மதினி சிரிக்கவில்லை.

கொட்டகை வாசலில் மதினியை ஒரு பக்கமாக அழைத்துச் சொன்னேன். “ஆத்தங்கரைப் பாட்டு முடிஞ்சதும் அவளை எழுப்பிக் கூட்டிக்கிட்டு வந்துருங்க. மழை வருது, ரிக்‌ஷா கிடைக்காதுன்னு ஏதாவது சொல்லுங்க.” மதினி தலையை ஆட்டினார். துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் போனார்கள், இந்தப் பக்கம் நான்.

கொட்டகை நிறைந்து வழிந்தது. தோட்டத்து ஜனங்கள் பலகார மூட்டையோடு தரையில்கூட உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் கையில் என் கட்டுரை. படம் ஓடியது. திரையில் அவள் இருமினாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு இருமல் கேட்டது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஆற்றங்கரைப் பாட்டு முடிந்தது. வணக்கம் போடவில்லை. நான் எழுந்து வெளியே வந்து, பெண்கள் பக்கத்துக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கம் ஆண்பிள்ளை போகக் கூடாது, போயிருந்தால் அடித்திருப்பார்கள். போயிருக்க வேண்டும். உள்ளே கொட்டகை மொத்தமும் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. தையல் பெட்டியை மூடிவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

கூட்டமெல்லாம் வெளியேறிய பிறகுதான் இருவரும் வந்தார்கள். மதினி என்னை நேராகப் பார்த்தார்.

“ஒருதரம் கூப்பிட்டேன். ரெண்டாந்தரம் கூப்பிட எனக்கு மனசு வரல தம்பி.”

“முழுப் படமும் ஓடுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்களே” என்றாள் என் மனைவி.

மதினியை ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, நாங்கள் இன்னொன்றில் ஏறினோம். ரிக்‌ஷாக்காரர் மழைக்காக முன்பக்கத்துக் கித்தான் திரையை இறக்கிவிட்டார். உள்ளே இருட்டு. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, அது ஒரு நல்லதாயிற்று. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அந்தக் கெணத்துல விழுந்தவ?” என்று கேட்டாள்.

புரிந்தது. “செத்துட்டா.”

“பாம்பு கடிச்சவ?”

“செத்துட்டா.”

“வெஷம் குடிச்சவ?”

“அவளும்தான்.”

மழைச் சத்தம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் திரும்பிவிட்டோம். எங்கோ பட்டாசு வெடித்தார்கள், நனைந்த பட்டாசு போல, பாதி வெடித்து நின்றது. அவள் என் கையைப் பிடித்தாள். அவள் கை சுட்டது.

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில டாக்டரு இங்கிலீஷ்ல என்ன சொன்னாரு?”

சொன்னேன். இந்தத் தடவை ஒரு வார்த்தை மாற்றவில்லை. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “பாவி மனுஷா” என்றாள். “எத்தனை நாளு போச்சு! பிள்ளைய பாக்காம எத்தனை நாளு விட்டுட்டேன்!” என்று அழுதாள். நோய் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். சாவுக்காக அழவில்லை, என் பொய்யை நம்பித் தொலைத்த நாட்களுக்காக அழுதாள்.

அவள் மனசு உடையக் கூடாது என்றுதானே செய்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே வாதாடுவேன். அவள் உடையவில்லையே, நான்தானே உடைந்தேன், என்று பதிலும் வரும். போகட்டும்.

மறுநாளே மதினி பிள்ளையைக் கூட்டி வந்தார். கட்டிலை நாங்கள் முன்னறைக்கு இழுத்துப் போட்டிருந்தோம். பிள்ளை வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டும், அதற்கு மேல் ஓர் அடி வரக் கூடாது என்று அவளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பிள்ளை மதினியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, இளைத்துப்போன அம்மாவை யாரோ என்று பார்த்தது. கிட்டே கூப்பிட முடியாது, தொட முடியாது, வேறு என்ன செய்வாள்? “நேத்து அம்மா வாயாங்குக்குப் போனேன், கதை சொல்லட்டுமா?” என்றாள். பிள்ளை படியில் உட்கார்ந்துகொண்டது.

மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். ரங்கூன், தையல் பெட்டி, எல்லாம் சொன்னாள். “அப்புறம் அந்தம்மாவுக்கு இருமல் வந்துச்சு.”

“ஒனக்கு வந்த மாதிரியா?”

“ஆமா. எனக்கு வந்த மாதிரிதான்.”

“அப்புறம் நல்லாயிருச்சா?”

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

“இல்ல கண்ணு. நல்லாகல. அந்தம்மா செத்துப்போச்சு.”

பிள்ளையின் உதடு பிதுங்கியது. அவள் அவசரமாகச் சொன்னாள், “இரு, கதை இன்னும் முடியல. அந்தம்மாவுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. அது ரொம்ப அழுதுச்சு. அப்புறம் பெரியம்மா வீட்ல வளந்துச்சு. பெரியம்மா தெனமும் தலை வாரி, பூ வச்சு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாங்க. தீபாவளிக்குத் தீபாவளி அப்பா வந்து வாயாங்குக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. அந்தப் பொண்ணு நல்லா இருந்துச்சு.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். அப்பாவ வேணாக் கேளு. அவரும் பாத்தாரு.”

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்தப் படத்தில் குழந்தையே கிடையாது.